ஓசெல்லா மூச்சு வாங்கும் இடம்

சாக்ஸபோன் சீவாளியை நாக்கில் ஊறவைத்துக்கொண்டே ஓசெல்லா புரூயிட் காலையில் சோள ரொட்டி சுடுவார். அந்நேரம் கணவர் கிளமென்ட் என்ன கேட்டாலும் கரண்டிதான் பதில் சொல்லும். சட்டியில் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் பேசாமல் உட்கார். ரொட்டி வெந்ததும் அங்கேயே நின்றபடி சாக்ஸபோனை எடுத்து நீளமாக ஒரு சுரம் பிடிப்பார். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு மேபல் கடிகாரத்தைச் சரிபார்ப்பாள்.

கான்சாஸ் நகரத்துப் பதினெட்டாம் தெருவில், ஆண்களே நிறைந்த ஜாஸ் குழுவில் சாக்ஸபோனோடு முன்வரிசையில் உட்கார்ந்த முதல் பெண் அவர். முதல் நாள் டிரம்ஸ்காரர், "பாடறவங்க அந்தப் பக்கம் நிக்கணும்மா" என்றாராம். "பாடறவ வந்தா சொல்லிடறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் ஆகிறது.

மற்றவர்கள் பாய்கிற இடத்தில் அவர் ஒரு கணம் நிற்பார். தாளம் கடந்துபோன பிறகு நிதானமாக உள்ளே வருவார். இன்று ஊரிலுள்ள சாக்ஸபோன்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அதைச் சொன்னால் ஓசெல்லாவுக்குக் கோபம் வரும்.

"அது ஸ்டைலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நிமோனியா வந்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போச்சு. மூச்சு வாங்குச்சு, நின்னேன். இவனுங்களுக்கு என்ன கேடு?"

போன வசந்தத்தில் மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. கட்டிய பல்செட் ஊதும்போது வழுக்கியது.

"கோழி கத்தற மாதிரி இருக்கு, கிளமென்ட்."

"போகப் போகப் பழகிடும்."

"கோழியாவது முட்டை போடும்."

சாக்ஸபோன் பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. நான்கு மாதம் கிளமென்டே ரொட்டியைக் கருக்கினார். பல்செட்டைக் கழுவக்கூட ஓசெல்லா குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கும் அந்த வாயைக் காட்டவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், இசைக்காரர் சங்கத்தில் விருந்து. "சாப்பிட மட்டும் வரேன். எவனாச்சும் வாசிக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்" என்ற நிபந்தனையோடு வந்தார். செயின்ட் லூயிஸிலிருந்து வந்திருந்த லொரெய்ன் என்ற பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவே நின்றாள். ஒரு கணம் கழித்து மெல்ல உள்ளே வந்தாள்.

ஓசெல்லா தட்டைக் கீழே வைத்தார். "பாவம், அந்தப் பொண்ணுக்கும் நெஞ்சுல கோளாறு போல."

பாட்டு முடிந்ததும் நேரே போய்க் கேட்டேவிட்டார். "டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

பக்கத்திலிருந்தவர் ஓசெல்லாவின் பெயரைச் சொன்னதும் லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல, மிஸ் ஓசெல்லா. பதினோரு வயசுல உங்க ரெக்கார்டு கேட்டேன். இப்படித்தான் மூச்சு விடணும்னு நெனச்சுக்கிட்டேன்." தன் சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினாள். "ஒரே ஒரு பாட்டு."

"பல்லு போச்சுடி, கண்ணு."

"மூச்சு இருக்குல்ல?"

கிளமென்ட் கோட்டை எடுத்துக்கொண்டார். மனைவி கிளம்பிவிடுவார் என்றே நினைத்தார். ஓசெல்லா கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னிலையில் பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கிளமென்டின் சட்டைப் பையில் போட்டார். ஈறின் மேல் உதட்டை மடித்து ஊதினார். முதல் சுரம் கரகரத்தது. இரண்டாவது நிமிர்ந்து நின்றது.

கிளமென்ட் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.