நான் நீக்கிய எழுபது நாட்கள்

கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். வந்து பார்த்துவிட்டுப் போகும்போது, பார்த்த சமயத்தில் கை பட்டுத் திறந்திருக்குமோ என்று இன்னொரு தடவை வருவேன். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குப் போக நான் பிடிக்க வேண்டியது எட்டு மணி பஸ். பிடிப்பது பெரும்பாலும் எட்டேகால் பஸ்.

பத்தாவதில் கணக்கில் பெயில். ஒரே ஒரு பாடம். மறுதேர்வு எழுதிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், ஹால் டிக்கெட்கூட வந்தது. தேர்வன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள், வாசல் வரை வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. என் மகள் பத்தாவது எழுதிய வருஷம், அவள் பிடுங்கல் தாங்காமல், நானும் தனித்தேர்வராக அந்தக் கணக்கை எழுதினேன். அவள் தொண்ணூற்று மூன்று, நான் நாற்பத்தொன்று. “ரெண்டு பேருமே பாஸ்தானே, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க?” என்றாள். பேப்பரை மாற்றித் திருத்தியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகு பிளஸ் டூ, அஞ்சல் வழியில் பி.காம். போன வருஷம் ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். பாடப்பிரிவு டேட்டா அனலிடிக்ஸ். கணக்குக்குப் பயந்தவள் போயும் போயும் அதையா எடுப்பாள் என்றால், விண்ணப்பத்தை நிரப்பியது மகள். “எதுக்குப் பயப்படுறியோ அதுக்குள்ளயே போய் உட்காரும்மா, பயம் தானா எழுந்து போயிடும்” என்றாள். பயம் எழுந்து போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். பதிவு செய்த வகுப்புகளைப் போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொள்வேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிக்கும் ஒரு பாடம் காவிரிப் பாலம் தாண்டும்போது பாதி புரிந்திருக்கும். மீதியைத் திரும்பி வரும்போது கேட்பேன்.

நான் வேலை செய்வது அடையவளஞ்சான் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இட்லி மாவுக் கடையில். கடைக்கார அக்காவுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். மூன்று பெரிய கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், சுவரில் ஒரு தினசரி காலண்டர். இவ்வளவுதான் கடை. தினமும் மதியம், மறுநாள் விற்பனைக்கான அரிசியை ஊறவைக்கும் முன் அக்கா அந்தக் காலண்டரில் இன்றைய தாளைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி, அடியில் இருக்கும் நாளைய தாளை எட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் அரிசி மூட்டைப் பக்கம் போவார். நல்ல நேரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ராத்திரி கடை மூடும்போது அன்றைய தாளைக் கிழித்து, எத்தனை பாக்கெட் போனது என்று பேனாவால் அதன் மேலேயே எழுதி, ஒரு கம்பியில் குத்திவிடுவார்.

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“இருக்கட்டுமே. கம்பி சும்மாதானே இருக்கு.”

மூன்றாவது செமஸ்டரில் ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். நிஜமான ஒரு தொழிலின் டேட்டாவை எடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த டேட்டா அந்தக் கம்பிதான். இரண்டு வருஷத் தாள்கள். அக்காவிடம் கேட்டபோது, “எடுத்துக்க, கம்பியை மட்டும் குடுத்துடு” என்றார். தேதியையும் பாக்கெட் எண்ணிக்கையையும் எக்செல்லில் ஏற்றிவிட்டு, தாள்களை மறுபடி கம்பியிலேயே குத்திவைத்தேன். அப்புறம் திரையில் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். சாதாரணமாக நூற்று நாற்பது பாக்கெட் போகும் கடையில் திடீரென்று ஒருநாள் 42 என்று இருக்கிறது. இன்னொரு நாள் 38. வேறொரு நாள் 210.

142-இல் ஒன்றை விட்டுவிட்டேன் என்று முடிவு செய்தேன். 210 என்பது 120-ஐ மாற்றி அடித்தது. வேறென்ன? இரண்டு வருஷத்தில் இப்படி எழுபது நாளுக்குமேல் இருந்தன. எழுபது தப்பு! கம்பியில் போய்ச் சரிபார்த்திருக்கலாம். கேஸைப் பார்க்க மூன்று முறை திரும்பி வருகிறவள், இதைப் பார்க்க ஒருமுறைகூடப் போகவில்லை. பார்த்தால் எழுபதும் என் தப்பு என்று உறுதியாகிவிடும். கூட்டத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் எண்களை நீக்கலாம் என்று பாடத்திலேயே இருந்தது. நீக்கினேன். அதன் பிறகு வரைபடம் இஸ்திரி போட்ட துணி மாதிரி அழகாக வந்தது.

முதல் ரிவ்யூவில், புராஜெக்டை மதிப்பிடும் சார் திரையில் வந்தார். வேறு ஊர்க்காரர். கணிப்பைச் சோதிப்பதற்கென்று கடைசி ஒரு மாதத்தை மட்டும் தொடாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார். அந்த மாதத்தில் மூன்று நாள் என் கணிப்பு எங்கோ போய் விழுந்தது.

“இந்த மூணு நாள் என்னம்மா ஆச்சு?”

“நான் தப்பா டைப் பண்ணியிருப்பேன் சார்.”

“நீக்கின எழுபது நாளும் அப்படித்தானா?”

“ஆமாம் சார்.”

“ஒரிஜினலைப் பார்த்தீங்களா?”

“இல்ல சார்” என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “பத்து நாள் தர்றேன். பார்த்துட்டு வந்து சொல்லுங்க. காரணம் இல்லாம நீக்கின டேட்டாவை நான் ஏத்துக்க முடியாது. அடுத்த செமஸ்டர் முதல்லேர்ந்து பண்ண வேண்டியிருக்கும்.”

அடுத்த செமஸ்டர் என்று அவர் சொன்னது என் காதில் மறுதேர்வு என்றுதான் விழுந்தது. எனக்கு என்னைத் தெரியும். இன்னொரு கணக்கு என்னைத் திருப்பி அனுப்பினால், நான் திரும்பிப் போகமாட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். இந்த முறை ஆட்டோகூட வாசலுக்கு வராது.

நான்கு நாள் கம்பியைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அக்கா வழக்கம்போல் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எட்டு கிலோ அரிசி போதும்” என்றார். சாதாரணமாக இருபத்தைந்து கிலோ போடுவோம்.

“ஏன்க்கா?”

“நாளைக்கு ஏகாதசிடி. பாதி ஊரு அரிசியே தொடாது. யாருக்கு மாவு அரைக்கப் போற? ஸ்ரீரங்கத்துல நின்னுக்கிட்டு ஏன்னு கேக்குறா பாரு!”

கையில் இருந்த அளவுப் படியை அப்படியே வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஏகாதசி வழக்கமில்லை. ஆனால் ஆறு வருஷமாக இந்தக் கடையில் நிற்கிறேன். “நாளைக்கு ஏகாதசியோன்னோ, மீந்தா என்ன பண்றது” என்று மாமிகள் பாக்கெட்டைத் திருப்பி வைத்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அமாவாசையன்று ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான் என்று என் வீட்டுக்காரருக்கே இட்லி ஊற்றியிருக்கிறேன். மாவுக்கடையில் கால் முளைத்த மாதிரி பாக்கெட் போகும் நாள் அது. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் லேப்டாப்பைத் திறக்கும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் செருப்பைப் போல வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன்.

கம்பியை இறக்கித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கழற்றினேன். 42 என்று எழுதியிருந்தது 42-தான். அந்த எண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே ஏகாதசி என்று அச்சாகியிருந்தது. 38, ஏகாதசி. 210, அமாவாசை. தாளில் இருந்த தேதியையும் எண்ணையும் எடுத்தவள், நடுவில் இருந்ததைப் படிக்காமலே தாண்டியிருந்தேன். எழுபதில் உண்மையிலேயே நான் தப்பாக அடித்தது இரண்டு. இரண்டே இரண்டு! சந்தோஷப்படுவதா, இரண்டு வந்ததே என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“அழுவுறியா என்ன?” என்றார் அக்கா.

“இல்லக்கா, உளுந்து தூசி.”

“முழு உளுந்துல ஏதுடி தூசி?”

மீதி ஐந்து நாளில் எல்லாத் தாளிலிருந்தும் திதியைத் தனிப் பத்தியாக ஏற்றினேன். நீக்கிய நாட்களைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தேன்.

இரண்டாவது ரிவ்யூ ஒரு சாயங்காலம், மாவு அரைக்கும் நேரத்தில் வந்தது. அன்று வீட்டில் நெட் இல்லை. கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்தேன். கிரைண்டர் சத்தத்தில் சாருக்கு ஒன்றும் கேட்காதே என்று காலையிலிருந்தே பதைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கவே இல்லை, அக்கா போய் மூன்றையும் நிறுத்தினார். ஆறு வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

“இந்தத் திதி எங்கேர்ந்து வந்தது?” என்றார் சார்.

ஒரு தாளை எடுத்துக் கேமரா முன்னால் காட்டினேன். “காலண்டர் தாள் சார். எங்க கடையில இதைப் பார்த்துத்தான் அரிசி போடுவாங்க. நான்தான் பார்க்கலை. நீக்கினது தப்பு சார்.”

அவர் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். “எங்க வீட்லயும் இதே காலண்டர்தான். நான் ராகுகாலத்தைத் தாண்டி எதையும் படிச்சதில்லை” என்று சிரித்தார். பிறகு வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டினார். “இங்க ஒரு நாள் இறங்கியிருக்கே? ஏகாதசியும் இல்லையே?”

முன்பென்றால் என் தப்பு என்று சொல்லியிருப்பேன். “தாளைப் பார்த்தேன் சார், எண் சரிதான். காரணம் தெரியலை” என்றேன்.

“அன்னைக்கு நாள் பூரா கரண்ட் இல்ல!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாரும்மா அது?”

“எங்க ஓனர் சார்.”

“அவங்களையும் கோர்ஸ்ல சேர்த்துவிடுங்க” என்றார்.

மூன்று நாள் கழித்து மெயில் வந்தது. புராஜெக்ட் ஏற்கப்பட்டது, கடைசி செமஸ்டருக்குப் போகலாம். வேறு யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டதோ என்று பதிவு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தேன். பிறகு போனை அக்காவிடம் நீட்டி, “நான் எண்ணைச் சொல்றேன், நீங்க இதுல பாருங்கக்கா” என்றேன்.

அக்கா விரலை வைத்து வைத்துப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீதான்டி அது.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “மணி ஒண்ணாச்சு. நாளைக்கு எவ்வளவு போடணும்னு பார்த்துச் சொல்லு.”

சுவர்ப் பக்கம் போய், தாளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தேன். பஞ்சமி. விசேஷம் ஒன்றுமில்லை.

“இருபத்தஞ்சு கிலோ போடலாம்க்கா” என்றேன். இன்னொரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்காமல் அரிசி மூட்டையைப் பிரித்தேன்.