அறுபதில் ஓடிய வண்டி

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் மனுக்களையும் காதுகுத்துப் பத்திரிகைகளையும் டைப் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. கடைக் கம்ப்யூட்டரையாவது சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு மறந்துவிடலாம். வீட்டில் அது நடக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வரும்.

"இன்னைக்கும் இழுக்குது. செத்த நேரம் பாத்துட்டுப் போயேன்."

காபிகூட அதற்கு அப்புறம்தான்.

இழுத்தது ஒரு கார் ரேஸ் விளையாட்டு. அவர் லோடு வேன் ஓட்டியவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வருவார். கல்யாணமான புதிதில், டிவியோடு இணைத்து விளையாடுகிற கன்சோல் ஒன்றை வாங்கி வந்தார். வாரம் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு ஓய்வு நாளிலும் வீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மனுஷனை அப்போது நிறையக் கேலி செய்திருக்கிறேன். கன்சோல் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. டிஸ்க் மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் தளர்ந்துபோயின. கம்பைப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறியதும், விரல்களுக்குப் பயிற்சியாக ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். நான் என்ன கைக்குழந்தையா என்று அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். அப்புறம் ஒருநாள் அந்த டிஸ்க் எங்கே என்று கேட்டார்.

கம்ப்யூட்டரைப் பழைய கன்சோல் மாதிரி நடிக்க வைக்கிற மென்பொருள் உண்டு. எமுலேட்டர் என்பார்கள். கடையில் புதிது வாங்கியபோது கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். எமுலேட்டரைப் போட்டு, எங்கள் டிஸ்கிலிருந்தே விளையாட்டை ஏற்றி, கையில் பிடிக்கிற கன்ட்ரோலரும் வாங்கிக் கொடுத்தேன். ஓடியது. ஆனால் பாட்டு இழுத்து இழுத்து வந்தது, படம் திக்கித் திக்கி நகர்ந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அவர் அதோடு விளையாடத்தான் செய்தார். முதலில் எல்லா வளைவிலும் போய்ச் சுவரில் இடித்தார். மெல்ல மெல்ல இடிப்பது குறைந்தது. அப்புறம் ஜெயிக்கவே தொடங்கிவிட்டார். அந்தக் கன்ட்ரோலரில் வண்டியைத் திருப்புவது இடது கட்டைவிரல். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது கட்டைவிரல். வளைவு வரும்போது ஆக்சிலேட்டர் பட்டனை விட்டுப் பிரேக் பட்டனுக்கு விரல் தாவ வேண்டும். நிஜ வண்டியில் வலது கால் செய்கிற வேலை அது. விரல் தாவிவிட்டது, இனிக் கால் தாவுவதற்கு என்ன என்று அவரே ஒரு கணக்குப் போட்டுவிட்டார்.

"ஆயுத பூஜைக்கு வண்டிய நாந்தான் எடுப்பேன்" என்றார்.

வண்டி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அன்றைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் ஏறி அதை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். எங்கள் வேன் தெருவோரம் சும்மா நின்று புழுதி தின்றுகொண்டிருந்தது. பக்கத்து ஊரான அகரத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே மார்க்கெட்டில் லோடு அடித்தவர்கள். பேட்டரி இறங்காமல் இருக்க அவர்தான் அவ்வப்போது வந்து வேனை ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவார். கொஞ்ச நாளைக்கு நான் ஓட்டித் தருகிறேனே என்று கேட்டும் பார்த்தார். இவர் சாவியைக் கொடுக்கவில்லை. டாக்டர் இப்போதைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றதில் இவர் காதில் ஏறியது 'இப்போதைக்கு' மட்டும்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. கேரளாவுக்குப் போகிற மலைப்பாதையில் லோடோடு இறங்குகிற வண்டிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஓய்ந்துபோயிருந்தேன். வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை, சரி என்று சொல்லவும் மனசில்லை. என்னால் முடிந்தது அந்த விளையாட்டை இழுக்காமல் ஓட வைப்பது ஒன்றுதான். பூஜைக்குள் அதைச் சரிசெய்து கொடு, கடைசியாக ஒழுங்காகப் பழகிக்கொள்கிறேன் என்று அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பொடியன், ஒரு வேன் லோடு விலைக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னான். படத்தின் அளவை அந்தக் காலத்து கன்சோல் காட்டிய அளவுக்கே குறைத்தேன். டிரைவர் என்கிற மென்பொருளைப் புதுப்பித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை மாற்றினேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்றதையெல்லாம் அணைத்தேன். திரையின் மூலையில் விளையாட்டு ஓடுகிற வேகத்தை எமுலேட்டர் ஒரு எண்ணாகக் காட்டும். நூறு இருக்க வேண்டும். எங்களுக்கு அறுபதைத் தாண்டவில்லை. போட்டவுடன் கொஞ்சம் ஏறும், பிறகு பழையபடி அறுபதில் வந்து படுத்துக்கொள்ளும். என்னைப் போலத்தான் அதுவும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் விளையாடிவிட்டு எழுந்த பிறகு, வீடு துடைக்கும்போது சிபியூ பெட்டியில் கை பட்டது. தோசைக்கல் போலச் சுட்டது. எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு உறை உண்டு, கிரைண்டருக்கு உறை உண்டு, பிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட உறை உண்டு. தெருப்புழுதி அப்படி. கம்ப்யூட்டருக்கும் திரைச்சீலைத் துணி மிச்சத்தில் கொசுவம் வைத்து ஒன்று தைத்திருந்தேன். சுவிட்சுக்கு மட்டும் ஒரு ஓட்டை. பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பெட்டிக்கு மூச்சு விட வழியே இல்லை. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன்!

உறையை உருவினேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே விசிறியில் பஞ்சு மாதிரி அழுக்கு. எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்தி வைத்து, விளையாட்டைப் போட்டேன். எண் ஏறியது. நூறுக்குப் போய் அப்படியே நின்றது. கல்யாணமான புதிதில் கேட்ட அந்தப் பாட்டு கொஞ்சமும் இழுக்காமல் வந்தது. எனக்கு அம்புட்டுச் சந்தோஷம். அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

முதல் வளைவிலேயே சுவரில் இடித்தார். சிரித்துக்கொண்டார். மறுபடி போட்டார், மறுபடியும் அதே சுவர். பழகணும் என்றார். மற்றக் கார்களெல்லாம் இவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நான் காய் நறுக்குவதை விட்டுவிட்டு அவருடைய விரலைப் பார்த்தேன். வளைவு வந்தது, விரல் கிளம்பியது, சுவர் வந்தது. அதற்குப் பிறகுதான் விரல் பிரேக் பட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் திணறினால் விளையாட்டே மெதுவாகிவிடும். எதிராளியின் கார், கடிகாரம், வளைவு எல்லாமே மெதுவாக வரும். இத்தனை நாளும் அத்தனையும் இவர் விரலுக்காகக் காத்திருந்திருக்கின்றன. அந்த அறுபதைத் தினமும் பார்த்த நான், அதைக் கம்ப்யூட்டர் வாங்கிய மார்க்காக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"முன்னாடி எல்லாமே மெதுவா ஓடுச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாங்க என்றேன். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், வேகத்தைக் குறைக்க இதிலேயே வழி இருக்கிறது, வேண்டுமானால் பழையபடி அறுபதில் வைத்துத் தருகிறேன் என்று கடகடவென்று சொன்னேன்.

"எதுக்க வர்ற லாரிக்காரன் எனக்காக மெதுவா வருவானா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து, சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. மலைப்பாதை இனி இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவே இல்லை. உறையை மடித்துத் துணிமூட்டைக்குள் திணித்தேன்.

ஆயுத பூஜையன்று சிநேகிதர் வந்து வேனைக் கழுவினார். முன் கண்ணாடியை மட்டும் இவரே இடது கையால் துடைத்தார். மாலை போட்டோம், சூடம் காட்டினோம், நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தோம். இவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நீ ஏறு மாப்ள. நாளையில இருந்து லோடும் நீயே அடி."

சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். இவரை இடதுபக்கம் கூட்டிப் போய், காலைத் தூக்கி உள்ளே வைத்து, நடு சீட்டில் உட்கார வைத்தேன். கோயில் வரை ஒரு சுற்றுப் போய் வருவது வழக்கம். ஓரத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

பழங்கள் நசுங்கின. வேன் தெருவில் நகர்ந்தது. தெருமுக்கில் ஒரு பசுமாடு குறுக்கே வந்தது. சிநேகிதர் பிரேக் போட்டார், வேன் நின்றது, மாடும் எங்களைப் பார்த்துவிட்டு நடந்தது. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். பிரேக்கே இல்லாத அந்தத் தரையில், அப்போதுதான், இவருடைய வலது கால் மெல்ல இறங்கி அழுத்தியது.