முழங்கால் போடாமல் நன்மை வாங்க மாட்டேன் என்றவர்

‘தொம்’மென்று ஒரு சத்தம்.

காரைக்கால் டவுன் மாதா கோயிலுக்கு நாங்கள் பூசைக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால், இன்றைக்கும் என் காதில் முதலில் விழுவது அதுதான்...

நன்மை வாங்க, அதாவது ஆண்டவரே வருகிறார் என்று நம்பி அந்த அப்பத்தை வாங்க, எல்லோரும் வரிசையில் போகிறார்கள். என் வீட்டுக்காரர் தன் முறை வந்ததும் பொசுக்கென்று முழங்கால் போட்டுவிட்டார். பின்னால் வந்த தாட்டியான மனிதர் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் இவர் மேல் விழ, இவர் சாமியார் காலடியில் விழ, பாட்டுக்காரர்கள் பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறதுகள். நான் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. திருச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி உண்டு. அதன் ஓரமாக நாங்கள் வரிசையாக முழங்கால் போடுவோம். சாமியார் ஒவ்வொருவராக வந்து நாக்கில் வைப்பார். பேங்க் மாற்றலில் காரைக்கால் வரும்வரை அவருக்கு வேறு வழக்கம் தெரியாது.

சாமியார் தன்மையாகத்தான் சொன்னார், கூட்டம் ஜாஸ்தி, அடுத்த வாரம் நின்றபடியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று. இவருக்கு அது போதாதா? வீட்டுக்கு வந்ததும் ஒரே போடாகப் போட்டார்.

“நின்னுக்கிட்டு வாங்க அது என்ன ரேஷன் அரிசியா? அப்படி வாங்குறதுக்கு நான் வாங்காமலே இருந்துட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து எங்களுக்கு ஞாயிறுதோறும் கோயில் தேடும் படலம். ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர். ஒரு கோயிலில் டிரம்ஸ் அதிர்ந்தது, பாதிப் பூசையில் வெளியே வந்துவிட்டார். இன்னொன்றில் திரையில் பாட்டு வரிகள் ஓடின, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பூவம் பக்கம் போகும் வழியில் பழைய மணிக்கூண்டு ஒன்றைப் பார்த்து ஆசையாக வண்டியை நிறுத்தினோம்... உள்ளே அதே வரிசை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நன்மை வாங்காத மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நன்மைக்கு முன் வெறும் வயிறாக இருக்கும் பழைய ஒறுத்தல். வாங்கவே போவதில்லை, அப்புறம் எதற்கு இந்தப் பட்டினி என்று கேட்டால், “அது வேற, இது வேற” என்பார்.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே. நன்மைக்கு எழுந்து போகாமல் ஓர் ஆள் வாரா வாரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், பெரிய பாவம் ஏதோ செய்துவிட்டான் என்று அக்கம்பக்கம் கண்ணாலேயே பேசிக்கொள்ளும். கடைசியில் என் மகளே கேட்டுவிட்டாள், “அப்பா என்ன பாவம்மா செஞ்சாரு?” என்று. அவர் காதிலும் விழுந்தது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்துவிட்டது. பாஸ்கா என்கிற ஈஸ்டர் காலத்தில் ஒரு தடவையாவது நன்மை வாங்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. அதையும் இந்த மனிதர் விட்டுவிட்டால்? எனக்குத் தூக்கமே போயிற்று.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஜுலைகா லாத்தாவிடம் ஒருநாள் புலம்பிவிட்டேன். அவர்தான் விழிதியூர் தாண்டி ஒரு சின்னப் பழைய கோயில் இருப்பதாகச் சொன்னார். அவருக்குக் கீரை கொண்டுவரும் பெண் அங்கேதான் போகிறாளாம்.

பெரிய வெள்ளியன்று இவர் டவுன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். ஈஸ்டர் காலையில் விழிதியூர்ப் பக்கம் கிளம்பினோம். போய்ப் பார்த்தால்... தகரக் கூரை. மணிக்கூண்டு இல்லை, கிராதி இல்லை, உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. சிமெண்டுத் தரையில் ஜனங்கள் சம்மணம் போட்டிருந்தார்கள்.

“இதுவா பழைய கோயில்?” என்று இவர் வண்டிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்பியே பார்க்கவில்லை.

நன்மை நேரம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை! உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை பேரும் முழங்கால் போட்டார்கள். சாமியார் பீடத்தை விட்டு இறங்கி, ஆட்களுக்கு நடுவே நடந்து வந்து ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்தார்.

அப்போதுதான் திரும்பினேன். வாசலுக்கு வெளியே, சுடுகிற மணலில், என் வீட்டுக்காரர் முழங்கால் போட்டிருந்தார். உள்ளே வர வெட்கமாக இருந்ததோ என்னவோ. சாமியார் கடைசி வரிசையை முடித்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், படியிறங்கி வெயிலில் போய் அவர் நாக்கில் வைத்தார்.

இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும்தான்.

பூசை முடிந்ததும், “அடுத்த வாரம் உள்ள வந்து உக்காருங்க, மணலு சுடும்” என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான், அன்றிலிருந்து அதுதான் எங்கள் கோயில். ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் திருச்சிக்குத் திரும்பவில்லை. எல்லாம் அந்தத் தரைக்காகத்தான்.

இப்போது தகரம் போய் கான்கிரீட் வந்துவிட்டது, மின்விசிறிகள் ஓடுகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தம்பி பெஞ்சு வாங்கித் தருகிறேன் என்றபோது, கோயில் பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டுத் தடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இவரேதான். இன்றைக்கும் அங்கே சாமியார்தான் ஆட்களிடம் நடந்து வருகிறார்.

ஆனால் போன வருஷத்திலிருந்து இவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார். ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாரம் அதில் உட்கார்ந்துகொண்டு என் காதில் கிசுகிசுத்தார்.

“நின்னுக்கிட்டே வாங்க மாட்டேன்னு அந்தக் குதி குதிச்சேன். இப்ப உக்காந்துக்கிட்டு எப்படிம்மா வாங்குறது?”

“அன்னைக்கு வாசலுக்கு வந்த ஆண்டவரு சேருக்கு வர மாட்டாராங்க?” என்றேன்.

அதற்குள் சாமியார் பக்கத்தில் வந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பதில் சொல்லாமல் விட்டறியாத மனிதர், மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார்.