ஃபுல் டேங்க்

தவளக்குப்பம் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. சேலைமேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். பெட்ரோல் போட்டதும் டேங்க்கை ஒரு தட்டு தட்டித்தான் வண்டியை அனுப்புவார்.

பாகூர் வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாதென்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரிடம் ஃபுல் டேங்க் போடச் சொன்னேன். வண்டியில் மாட்டியிருந்த தட்டியைப் படித்தார்.

"கெணறு வேணான்றீங்க, ஃபுல் டேங்க்கும் கேக்குறீங்க. இன்னாங்க இது?"

டேங்க் மூடியைத் திறந்தேன்.

"பாகூருக்கு ஒரு லிட்டரே ஜாஸ்தி" என்று அதை மட்டும் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என் கையெழுத்து நோட்டை வாங்கி அவரும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஆனாலும் அந்த பங்கில் நிறுத்தாமல் போவதில்லை. அவர் ஒரு தட்டு தட்டினால்தான் எனக்கு வண்டி கிளம்பியதுபோல இருக்கிறது.