டைஜஸ்டில் தொலைந்த தனிப்பாட்டு

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்பதை எங்கள் கொயர் மாஸ்டரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன். சொல்ல வேண்டியதைத் தாளில் கையால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, அங்கிருந்தே அட்டாச்மெண்டாக அனுப்புவார். மெயிலில் ஒரு வரி இருக்காது. வருகிற பதில்களையும் அந்தக் கடையில்தான் படிப்பார்.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பாவத்துக்கு அந்தக் குழுவின் அட்மின் நான். மாஸ்டர் எதை அனுப்பினாலும் எங்கள் ஜனம் "ஆமென்" என்று பதில் போடும். அந்த ஆமெனுக்கு இன்னொருவர் ஆமென் போடுவார். ஆபீஸ் மீட்டிங்கில் என் போன் அதிர்ந்தே செத்தது. பொறுக்க முடியாமல் எல்லாரையும் டைஜஸ்டுக்கு மாற்றினேன். அன்றைய மெயில் மொத்தமும் ஒரே கட்டாகச் சாயங்காலம் வரும். அப்பாடா! அட்டாச்மெண்ட் இருந்த இடத்தில் மட்டும் 'இணைப்பு நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. எப்படியும் புதன்கிழமை பிராக்டிஸில் நேரிலேயே சொல்லிவிடுவாரே.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் ஆராதனையில் தனிப்பாட்டு எனக்கு. எத்தனை காலம் இரண்டாம் வரிசையில் யார் தோளுக்குப் பின்னாலோ நின்றிருப்பேன்! பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாயிற்று. அடுகோடியிலிருந்து நாத்தனார் குடும்பமே கேட்க வருவதாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் மாஸ்டரிடமிருந்து ஒரு மெயில். இணைப்பு நீக்கப்பட்டது. வழக்கம்போல முதல் ஆளாக "ஆமென், ஸ்தோத்திரம்" என்று தட்டிவிட்டேன். பின்னாலேயே குழு முழுக்க ஆமென்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாஸ்டர் என்னைக் கண்டதும் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"உங்க மாதிரி மனசு யாருக்கும்மா வரும்? ஒரு வார்த்தை மறுக்காம ஒத்துக்கிட்டீங்களே!"

எதற்கு ஒத்துக்கொண்டேன்? கேட்க வாய் வரவில்லை. அட்மினே பார்க்கவில்லை என்றால் மானம் என்னாவது! வீட்டுக்கு ஓடிவந்து செட்டிங்ஸைத் திறந்தேன். டைஜஸ்டில் இரண்டு வகையாம்: வெறும் எழுத்து மட்டும் வருவது ஒன்று, இணைப்போடு முழுசாக வருவது இன்னொன்று. முதலாவதைப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். எல்லாருக்கும் மாற்றினேன். ஆனால் மாற்றம் இனி வருகிற டைஜஸ்டுக்குத்தான். பழையதில் நீக்கியது நீக்கியதுதான். மாஸ்டருக்குப் போன் போட்டு, "லெட்டர் அவ்வளவு நல்லா இருந்துச்சு சார், இன்னொரு வாட்டி அனுப்புங்களேன்" என்று ஐஸ் வைத்தேன்.

புதன்கிழமை பிராக்டிஸுக்குக் கிளம்பும்போது புது டைஜஸ்ட் வந்தது. இரண்டு பக்கம், இரண்டு அட்டாச்மெண்ட். முதலாவதைத் திறந்தேன். 'தனிப்பாட்டை நம் சகோதரி இந்த வருடம் பாஸ்டர் மகளுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இரண்டாவதைத் திறக்க யாருக்குப் பொறுமை? ஆட்டோவைப் பிடித்து நேராக ஹாலுக்குப் போனேன்.

"நான் ஒத்துக்கவே இல்ல சார்! எனக்கு அட்டாச்மெண்டே தெரியல. இங்க யாருக்குமே தெரியல!"

மாஸ்டர் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"படிக்காமலா ஆமென் போட்டீங்க?"

"நீங்க அனுப்பினா நல்லதாத்தானே சார் இருக்கும்" என்றார் ஜீவனஹள்ளியிலிருந்து வருகிற ஒருவர்.

"இப்ப சரி பண்ணிட்டேன்" என்றேன். "எல்லாரும் போனை எடுங்க. திறந்து பாருங்க. இது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க!"

மாஸ்டர் பதறிப்போனார். "வேணாம்மா! யாரும் திறக்காதீங்க. நீங்களே பாடுங்க. அந்த ரெண்டாவது பக்கம்..."

அதற்குள் எல்லார் கையிலும் போன். நானும் இரண்டாவதைத் திறந்தேன்.

'மேலே போகும்போது சகோதரியின் குரல் பழைய கிரைண்டர் போல இழுக்கிறது. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாம் ஒரே குடும்பம் என்பதால் எல்லாருக்கும் எழுதுகிறேன். அவர் தொண்டைக்காக அனைவரும் ஜெபிக்கவும்.'

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிஜமான சந்தோஷத்தோடு என் தோளைத் தட்டினார்.

"நல்ல வேலை பண்ணினீங்க சிஸ்டர். இப்ப ஒவ்வொரு எழுத்தும் கொட்டை கொட்டையா தெரியுது."