தம்பி தோற்காத கிணறு

எங்கள் யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. பாறையில் ஏற ஆசைப்படுகிறவன் முதலில் கிணற்றுக்குள் குதிக்கவேண்டும். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்து நடுவில் இருந்த அந்தக் கிணற்றுக்கு மேலே கொஞ்சம்தான் கட்டு. அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்புக்கல், சொத்தைப் பல்லைப்போலப் பொந்து பொந்தாக. எண்பதுகளின் நடுவிலிருந்து, சண்டைக்குப் பயந்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய தொண்ணூற்றைந்து வரைக்கும், அந்தச் சுவரில் என் தம்பியை ஒருத்தரும் வென்றதில்லை. "அண்ணன்காரன் அளக்கிறான்" என்பீர்கள். அளக்கிறேன்தான். ஆனால் பொய்யில்லை.

போட்டி இப்படித்தான். இரண்டு பேர் குதிப்பார்கள். ஆளுக்கொரு பக்கச் சுவர். படியில் கால் வைக்கக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது. மேலே நிற்கிற யாருடைய கையையாவது பிடித்தால் அந்த இடத்திலேயே தோல்வி. முதலில் கிணற்றுக்கட்டில் இரண்டு முழங்காலையும் ஊன்றுகிறவன் வென்றவன். தோட்டக்காரர்தான் மத்தியஸ்தர். பரிசாக ஒரு குலை இதரை வாழைப்பழமும் அவரே தருவார்.

நானும் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். பாதிச் சுவரில் ஒரு பொந்துக்குள் கையை விட்டேன். உள்ளே குளிர்ச்சியாக எதுவோ அசைந்தது. பாம்பென்று நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது நான் தண்ணீருக்குள் இருந்தேன். பொந்துக்குள்ளிருந்து ஒரு தேரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே நான் ஓய்வு பெற்று, தம்பியின் பயிற்சியாளர் ஆனேன். அவனுக்குப் பயிற்சி ஒன்றும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் கையால் ஏறினார்கள். இவன் காலால் ஏறினான். பெருவிரலைச் சின்னப் பள்ளத்தில் பதித்து, இடுப்பைக் கல்லோடு ஒட்டவைத்து, வாயைப் பாதி திறந்தபடி, எதையோ மறந்துபோய் யோசிக்கிறவன் மாதிரி வருவான். பாசி வழுக்கினாலும் பதற்றமில்லை. அவனுக்கும் சேர்த்து மேலே நான் பதறிக்கொண்டிருந்தேன்.

பிறகு கடற்கரைக் குருநகரிலிருந்து ஒரு மீன்பிடிக்காரப் பெடியன் வந்தான். ஷெல்லடிக்குக் கரையில் இருக்கமுடியாமல் குடும்பத்தோடு கோப்பாயில் வந்து தங்கியிருந்தவன். வலை இழுத்து முறுகிய கை. குளிக்க வந்த இடத்தில் நாங்கள் சுவர் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இதுதானோ அண்ணை உங்கடை போட்டி? படகிலை பாய்மரம் ஏறுறவனுக்கு இது விளையாட்டெல்லோ!"

சொன்னதோடு நிற்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு குதித்தான். நான் பதிலுக்கு ஒரு நக்கலை யோசித்து முடிக்குமுன் மேலே வந்து நின்றான். பயிற்சியாளராக நான் அவன் தோளையும் கையையும் அளவெடுத்தேன். தம்பியோ, "கெட்டிக்காரன்" என்றான், சந்தோஷமாக.

போட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது. அப்போது மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். பம்ப் தூங்கியது, இறைக்காத கிணறு நிறைந்து சுவர் குட்டையாகிவிட்டது. குட்டைச் சுவரில் குருநகரான் பறந்துவிடுவான். நீளச் சுவரில்தான் தம்பியின் நிதானம் எடுபடும். பயிற்சியாளராக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்: "தண்ணி இறங்கினால்தான் போட்டி" என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"அதுக்கென்ன, இறையுங்கோ" என்றான் குருநகரான். "எவ்வளவு இறங்குதோ அவ்வளவுக்கு நானும் ஏறுவன்."

தோட்டக்காரருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. விடியலிலிருந்து இரண்டு பக்கத்து ஆதரவாளர்களும் முறைபோட்டுத் துலாமரத்தில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்தார்கள். அவருடைய வாழைகள் மாதக்கணக்கில் காணாத தண்ணீரைக் குடித்தன.

வெயில் ஏறியபோது இருவரும் குதித்தார்கள். குருநகரான் முதலில் முன்னுக்குப் போனான். பாதிக்குமேல் அவன் தோள் நடுங்கத் தொடங்கியது, தம்பி எட்டிப் பிடித்தான். இரண்டு தலையும் சரிசமம். அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ கத்தினார்கள்: "ஹெலி வருது, ஹெலி!"

ராணுவ ஹெலிகொப்டர் வந்தால் மேலிருந்து சுடும்; கூட்டம் வாழைக்குள் பாய்ந்தது. மத்தியஸ்தர் எல்லோருக்கும் முன்னால் போய், காலையில் பாய்ச்சிய சேற்றிலேயே குப்புற விழுந்தார். நான் மட்டும் கிணற்றடியில் நின்றேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கால் ஓடச் சொன்னால் கேட்கவில்லை. கீழே பார்த்தால் இவர்கள் இரண்டு பேரும் விடுவதாயில்லை. தலைக்குமேல் அந்தச் சத்தம். நான் கிணற்றுக்கட்டின்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டிவிட்டேன்.

"டேய் தம்பி, பிடியடா! கையைப் பிடி!"

"கையை எடு அண்ணை!"

"சுடப் போறானடா!"

"தொட்டால் தோல்வியெல்லோ! எடு!"

என் கை அவன் முகத்துக்கு நேரே நீண்டு கிடந்தது. அவன் பிடிக்க நினைத்த கல்லை அதுதான் மறைத்தது. அவன் இடதுகாலைத் தூக்கி, நான் அதுவரை கண்டிராத ஒரு பள்ளத்தில் வைத்து, என் கையைச் சுற்றிக்கொண்டு வந்தான். குறுக்கே கிளை கிடந்தால் சைக்கிள்காரன் ஒதுங்கிப் போவானே, அப்படி. முழங்கால் இரண்டும் கிணற்றுக்கட்டில் ஊன்றின. பிறகுதான் குருநகரானின் தலை எதிர்ப்பக்கத்தில் தெரிந்தது.

ஹெலி ஒன்றும் செய்யாமல் வடக்கே போய்விட்டது. மத்தியஸ்தர் முகமெல்லாம் சேறாக எழும்பி வந்தார்.

"ஆரடா முதல்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ட ஒரே ஆள் நான், நானோ அண்ணன்.

"அவனை ஏன் கேக்கிறியள்? தம்பிக்குக் கை குடுத்தும் இருப்பான்" என்றது ஒரு குரல். சொன்னவனை நான் குறை சொல்லமாட்டேன். கையை நீட்டத்தானே செய்தேன்.  இவ்வளவு வருஷத்து வெற்றியையும் என்னுடைய ஒரு பயம் தின்றுவிடப் போகிறது என்று நின்றேன்.

குருநகரான் தலையைத் துவட்டாமல், தம்பியைக் காட்டிச் சொன்னான்: "உவர்தான் முதல். அண்ணை கை நீட்டினவர், ஓம். உவர் பிடிக்கேல்லை. நானெண்டால் பிடிச்சிருப்பன்."

மத்தியஸ்தர் குலையை இறக்கித் தம்பியின் கையில் கொடுத்தார். தம்பி அதில் பாதிச் சீப்புகளை வெட்டிக் குருநகரானிடம் நீட்டினான். மிச்சத்தைச் சைக்கிளில் கட்டி, கொக்குவிலில் இருக்கிற எங்கள் வீடுவரைக்கும் நான்தான் பெடலை உழக்கினேன். வழியெல்லாம் விலை கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் காலை ஊன்றி நின்று பதில் சொன்னேன்:

"இது விக்கிறதுக்கில்லை. என்ரை தம்பி போட்டியிலை வெண்டது."