கிரிசல் வெட்டாத திரைச்சீலை

கிரிசல் பர்விஸ் வீட்டு ஜன்னல் திரைச்சீலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அவளுடைய பதினேழு வருட இல்லறம் முழுக்க அங்கே தெரியும். ஒரு வீட்டில் ஜன்னல் குட்டை, நாலு விரல் மடித்துத் தைத்திருப்பாள். அடுத்த வீட்டில் நெட்டை, தையலைப் பிரித்து இறக்கியிருப்பாள். இன்னொரு வீட்டில் ஜன்னல் என்ற பெயரில் ஒரு பொந்து, பாதித் துணியைச் சுருட்டி மேலே கட்டியிருப்பாள். இப்படித் தைத்ததும் பிரித்ததுமாகக் கோடு கோடாக ஓடும். கத்தரிக்கோல் மட்டும் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய நல்ல சிவப்புக் கம்பளித் துணி. வெட்டிய பிறகு அடுத்த வீட்டு ஜன்னல் பெரிதாக இருந்தால் என்ன செய்வது?

அடுத்த வீடு என்று ஒன்று எப்போதும் இருந்தது. ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில், எங்கள் பெரிக்‌ஷயர் பக்கம், பண்ணையாளுக்கு வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. வேலை ஒரு வருடத்துக்கு. மே இருபத்தெட்டு வந்தால் பாதி மாவட்டம் வண்டியில் ஏறி மறுபாதியின் வீட்டுக்குக் குடிபோகும். கட்டில், கடிகாரம், கோழிக்கூண்டு, கூண்டின்மேல் குழந்தை என்று ரோடு முழுக்க வண்டிகள். எதிரெதிரே வருகிறவர்கள் அடுப்பு புகையுமா, கிணறு எவ்வளவு தூரம் என்று வண்டியில் இருந்தபடியே விசாரித்துக்கொள்வார்கள்.

யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிடும். முதலாளி ஆளிடம் வந்து, "என்னப்பா, இங்கயே இருக்கப் போறியா?" என்று கேட்பார். அதற்குப் 'பேச்சு' என்றே பெயர். பேச்சு வந்தால் இருக்கலாம். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏன் பேசவில்லை என்று முதலாளியிடம் போய்க் கேட்பது மானமுள்ளவன் செய்கிற காரியம் இல்லை. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை டன்ஸ் ஊர் ஆள் சந்தையில் போய் நிற்பான். வேறொரு பண்ணைக்காரர் வந்து மேலும் கீழும் பார்த்து, பேசி முடித்து, கையில் ஒரு வெள்ளிக் காசை வைப்பார். காசை வாங்கியவன் வாக்குக் கொடுத்தவன். அப்புறம் ராஜாவே வந்து கூப்பிட்டாலும் மாற முடியாது.

கிரிசலின் புருஷன் ஆடம் குதிரைக்காரன். அவன் உழுத சால் கயிறு பிடித்த மாதிரி இருக்கும். தன்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வான், தன் குதிரையைச் சொன்னால் பொறுக்க மாட்டான். குடிமாறியதில் நாலு தடவை குதிரையால். மீதிக்கெல்லாம் கிரிசல் வீட்டின்மேல்தான் பழிபோடுவாள். ஒன்றில் அடுப்பு புகைந்தது, ஒன்றில் தரையில் தவளை வந்தது, ஒன்றில் மழை பெய்தால் வெளியே நிற்பதே மேல்.

பன்னிரண்டாவது வீடு வின்ரிக் பண்ணையில். பண்ணையின் சொந்தக்காரர் டிராட்டர் பேச மாட்டார். கோபமோ கர்வமோ கிடையாது, வார்த்தைகளைக் கஞ்சன் காசு எடுப்பதுபோல் எடுப்பார், அவ்வளவுதான். வீடு இரண்டே அறை. தண்ணீர் பம்பு மேட்டுக்குக் கீழே, நூற்று நாற்பது தப்படி தூரத்தில். கிரிசல் வந்த முதல் நாளே எண்ணிவிட்டாள்.

கிராமத் தொழிலாளர் வீடுகளைச் சீர்செய்ய அரசாங்கம் பணம் தரும் என்று சட்டம் வந்து அப்போது மூன்று வருடம். சொந்தக்காரர் விண்ணப்பம் போட்டால் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை கிடைக்கும். இருபது வருடத்துக்கு அந்த வீட்டில் பண்ணையாளோ, அவரைப் போன்ற வரும்படிக்காரரோதான் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முக்கால்வாசிப் பண்ணைக்காரர்கள் சர்க்கார் மூக்கை நுழைக்கும் என்று விண்ணப்பத்தால் அடுப்புப் பற்றவைத்தார்கள். டிராட்டர் எழுதிப் போட்டார். ஏன் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. அவர் எதைத்தான் சொன்னார்?

மாவட்ட ஆபீஸிலிருந்து லம்ஸ்டன் என்ற அதிகாரி படச்சுருளோடு வந்தார். மூன்றாவதாக ஒரு அறை, பெரிய ஜன்னல்கள், மரத்தரை, வீட்டுக்குள்ளேயே குழாயும் சிங்க்கும். கிரிசல் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"சிங்க்க எதுக்குங்க இருட்டு மூலையில போட்டிருக்கீங்க?"

"சாக்கடை அந்தப் பக்கம்தாம்மா போகுது."

"அங்க வெச்சா பாத்திரம் கழுவுறப்ப சுவத்தப் பாத்துக்கிட்டே நிக்கணும். ஜன்னலுக்குக் கீழ வெய்யுங்க. ரோட்டுல யாரு போறா வர்றான்னாவது பாப்பேன்."

"அப்படி வெச்சா குழாய் ஆறடி கூடுதலாப் போகணுமே."

"நான் பதினாறு வருஷமா வாளியத் தூக்கிட்டு நடந்தாச்சு. குழாய் ஒரு ஆறடி நடக்கட்டும்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற டிராட்டர் லம்ஸ்டனின் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். மூலையில் இருந்த கட்டத்தை அடித்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டார். பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது அவருடைய நீண்ட பிரசங்கங்களில் ஒன்று.

கோடை முழுக்கக் கொத்தனார்கள் இடித்தார்கள், கட்டினார்கள். ஆடமும் கிரிசலும் இரண்டு பையன்களும் தானியக் கொட்டகையின் மாடியில் எலிகளோடு ஆறு மாதம் குடியிருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் புது வீட்டுக்குள் நுழைந்தார்கள். அன்றைக்கு வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் குழாயைத் திறந்து பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டு டிப்பி டாட்ஸ் மூன்று தடவை திறந்து மூடினாள்.

"தண்ணி ருசியே இல்லடி," என்றாள். "பம்புத் தண்ணியில ஒரு இரும்புச் சத்து இருந்துச்சு."

"அந்தச் சத்து உனக்கே இருக்கட்டும். ரெண்டு வாளி என்கிட்ட சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போ."

திரைச்சீலைகளை மாட்டினாள். புது ஜன்னலுக்கு ஒரு சாண் அதிக நீளம். வெட்டினால் அளவாக, அழகாக நிற்கும். டிப்பி கத்தரிக்கோலை எடுத்தே நீட்டினாள். கிரிசல் வாங்கவில்லை. வழக்கம்போல் மடித்து ஓட்டுத் தையல் போட்டாள்.

"பேச்சு வரட்டும்," என்றாள்.

ஜனவரி வந்தது. டிராட்டர் ஆட்டுக்காரனிடம் பேசினார். டிப்பியின் புருஷனிடம் பேசினார். மாட்டுக் கொட்டிலில் வேலை செய்யும் கிழவனிடம்கூடப் பேசினார். ஆடமிடம் மட்டும் பேசவில்லை. தினம் காலையில் லாயத்துக்கு வந்து, குதிரைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஜனவரி முடிந்தது. பிப்ரவரியும் நகர்ந்தது.

"உங்களக் கேட்டாச்சாடி?" என்று டிப்பி விசாரித்தாள். கேட்கவில்லை என்று தெரிந்துதான் விசாரித்தாள்.

"கேப்பாரு."

"எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. வீடு இப்ப நல்லா ஆயிடுச்சு பாரு. இந்த வீட்டக் காட்டுனா வயல் வேலைக்கு மூணு பொண்ணு வர்ற குடும்பமே கெடைக்கும். உனக்கு ரெண்டும் பையன், ரெண்டும் பள்ளிக்கூடத்துல."

டிப்பி சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் வலித்தது. வீட்டில் ஒரு பண்ணையாள் குடியிருக்க வேண்டும் என்று அரசாங்கம் எழுதியிருந்தது. எந்தப் பண்ணையாள் என்று எழுதவில்லை. கிரிசல் அன்று மத்தியானம் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள். பதினொரு வீட்டை விட்டு வந்தபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இந்த வீடு அவளுக்கு வேண்டும். சிங்க்கும் ஜன்னலும் அதன்வழியே தெரிகிற ரோடும் எல்லாம் வேண்டும்.

"நீயே ஒரு வார்த்தை கேட்டா என்னய்யா?" என்றாள் ஆடமிடம்.

"பதினொரு பண்ணைய விட்டு வந்திருக்கேன். ஒருத்தன்கிட்டயும் போய் என்னை வெச்சுக்கோன்னு நின்னதில்ல. வேணும்னா அவருக்கு வாய் இருக்கு."

"அதுலதான் எனக்குச் சந்தேகமே."

ஆள் சந்தைக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, ஆடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது தன் நல்ல தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்தான். தூசி தட்டி, பிரஷ் போட்டு மேஜைமேல் வைத்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். ஆடம் சூப்பை மிச்சம் வைத்து கிரிசல் பார்த்ததே கிடையாது.

அவன் வயலுக்குப் போனதும் அவள் ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு நேரே பண்ணைக் கொட்டகைக்குப் போனாள். டிராட்டர் மாட்டுக்கு டர்னிப் கிழங்கு வெட்டும் மெஷினில் சிக்கிய கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளை வந்து இப்படிக் கேட்டாள் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும், ஆடம் ஒரு வாரம் பேச மாட்டான். கெஞ்சவும் அவளுக்கு வராது. அதனால் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டாள்.

"என்ன மொதலாளி, இந்த வருஷமும் இங்கயே இருக்கப் போறீங்களா?"

டிராட்டர் நிமிர்ந்தார். "யாரு, நானா?"

"ஆமா."

"இது என் பண்ணை. நான் எங்க போவேன்?"

"ஒண்ணுமில்ல. ஜனவரியிலேருந்து யாரும் உங்களக் கேட்ட மாதிரி தெரியல. கேக்காம விட்டா மனுஷன் என்னன்னு நெனைப்பான்? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியதும் காதுவரை சிவந்தார்.

"நீ கேட்ட எடத்துலதானம்மா சிங்க் வெச்சேன்," என்றார். "போறவங்களுக்கு எவனாவது சிங்க் வெப்பானா? இதுக்கு மேல நான் என்ன பேசணும்?"

"அது சிங்க் மொதலாளி. தண்ணிதான் வரும். பேச்சு வராது."

"ஆடமுக்குத் தெரியாதா?"

"தொப்பிக்கு பிரஷ் போட்டு வெச்சிருக்கான். நாளைக்கு டன்ஸ் போறான். நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியக் கூடாது."

டிராட்டர் கல்லைக் கீழே போட்டார். அவள் திரும்பி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஜன்னலிலேயே நின்றாள். குதிரைகள் திரும்பின. டிராட்டர் லாயத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார், வாசலில் நின்றார், மறுபடி உள்ளே போனார். கிரிசல் ஒரே தட்டை ஏழாவது தடவை கழுவினாள்.

ஆடம் வந்தான். பூட்ஸைக் கழற்றினான். உட்கார்ந்து உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் முள்வரைக்கும் சாப்பிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் அவளுக்கு ஆயுளில் ஒரு வருடம் குறைந்திருக்கும்.

"பெரியவர் லாயத்துக்கு வந்தாரு," என்றான் கடைசியில்.

"அப்படியா?"

"பெட்டைக் குதிரையோட குளம்பப் பத்திப் பேசினாரு. மழையப் பத்திப் பேசினாரு. வெளிய போனாரு. திரும்ப வந்து, இருக்கப் போறியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

ஆடம் நாற்காலியில் சாய்ந்தான். இரண்டு மாதம் அவனைக் காக்கவைத்திருக்கிறார் டிராட்டர். அதைச் சும்மா விட்டுவிட முடியுமா?

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

கிரிசல் ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். இரண்டு திரைச்சீலைகளையும் இறக்கினாள். மேஜைமேல் இருந்த தொப்பியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். துணியை விரித்தாள். மடித்த இடத்தைப் பிரித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தில் வைத்து அழுத்தினாள். கனத்த துணி, முதலில் கத்தரிக்கோல் திணறியது.

"ஏய், என்ன பண்றே? அத வெட்டிட்டா வேற எங்கயும் ஆகாதே."

"ஆகாது."

"கிரிசல், நான் யோசிக்கிறேன்னுதானே சொன்னேன்."

"நீ யோசிய்யா. உன்னை யாரு தடுத்தா?" என்றாள். கண்ணில் நீர் நிற்க, சிரித்துக்கொண்டே இரண்டாவது சீலையை இழுத்தாள். அதையும் கடைசிவரை வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

ஆடம் வெட்டி விழுந்த துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்து பூட்ஸை மறுபடி மாட்டினான்.

"எங்க போறே?"

"பெரியவர்கிட்ட. யோசிச்சு முடிச்சாச்சு."

தொப்பி திரும்பப் பெட்டிக்குள் போனது. கோடு கோடாகத் தையல் ஓடிய அந்த ஒரு சாண் துணியால், அன்றிலிருந்து கிரிசல் சிங்க்கைத் துடைத்தாள்.